படைத்தவன் பாடு

உலகத்தைப் படைப்பது எளிது. ஆறு நாளில் முடித்தவர் உண்டு. தாமரையில் உட்கார்ந்தபடியே முடித்தவரும் உண்டு. ஜனங்கள் குடிவந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். பிரம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். படைத்ததோடு கையைக் கழுவிவிட்டு, காப்பதையும் அழிப்பதையும் வேறு இருவர் தலையில் கட்டிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் உலகம் படைக்கக் கிளம்பியவர்களுக்கு அந்த முன்யோசனை இல்லை. மூன்று இலாகாவையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பட்டார்கள்.

முதல் படைப்பு 1978இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே டெக்-10 என்று அறையை அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் தன் நினைவகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்; பக்கத்து புரோகிராம் செத்ததா பிழைத்ததா என்றுகூடத் தெரியாது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் இரண்டு புரோகிராம்கள் ஒரே நினைவகப் பகுதியில் எழுதவும் படிக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் ஆன்லைன் உலகங்களின் பரம்பரை ஒன்று பிறந்தது. ஒருவர் ஒரு டெர்மினலில் கதவைத் திறந்தால் இன்னொரு டெர்மினலில் இருப்பவருக்குக் கதவு திறந்தது தெரியும். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. வடக்கே போ, விளக்கை எடு, அவனை அடி என்று தட்டச்சு செய்ய வேண்டும். மூன்றாவது கட்டளைதான் சீக்கிரமே பிரபலமாயிற்று.

பெயர் ‘மட்’. 1980இல் ட்ரப்ஷா படிப்பை முடித்துக்கொண்டு போக, உலகம் சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்தது. பார்ட்டிலுக்கு இங்கிலாந்தின் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. எந்த வீட்டில் பிறந்தாய், வாயைத் திறந்தால் எந்த ஊர் உச்சரிப்பு வருகிறது என்பதை வைத்து ஆளை எடைபோடும் தேசம் அது. நாம் படைக்கும் உலகத்தில் பிறப்பு செல்லாது, செய்கை மட்டுமே செல்லும் என்று முடிவு செய்தார். புள்ளி சேர்த்தால் அடுத்த நிலை. இன்னும் சேர்த்தால் அதற்கு மேல். உச்சியில் ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி. இன்று காய்கறி விற்கும் செயலிகூட நம்மை ‘சில்வர் மெம்பர்’, ‘கோல்ட் மெம்பர்’ என்று ஏணியில் ஏற்றிவிடுகிறதே, அதற்குப் பின்னால் இந்தச் சமத்துவக் கனவும் ஓரத்தில் நிற்கிறது.

கனவு என்ன ஆயிற்று? விசார்ட் ஆனவருக்குச் சாவு இல்லை. அடுத்தவர் என்ன பேசுகிறார் என்று ஒளிந்திருந்து கேட்கலாம். விரலை நீட்டினால் எதிரே நிற்பவர் காலி. வெளியூர்க்காரர்கள் உள்ளே நுழைய அனுமதி நள்ளிரவுக்குப் பிறகுதான், மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில். தூக்கத்தைத் தொலைத்து, தொலைபேசிக் கட்டணத்துக்கு அஞ்சாமல், மாதக்கணக்கில் புள்ளி பொறுக்கி மேலே வந்தவர் முதல் காரியமாகக் கீழே இருப்பவரைச் சீண்டிப் பார்த்தார். சாதியை ஒழிக்கப் போட்ட ஏணியில் புதிதாய் ஒரு சாதி ஏறி உட்கார்ந்துகொண்டது.

புள்ளி சேர்க்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். புதையலைத் தேடிக் கண்டுபிடித்து, மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்து, சதுப்பு நிலத்தில் வீச வேண்டும். வீசினால் புள்ளி. பார்க்கக் கிறுக்குத்தனம். ஆனால் செல்வம் உலகத்துக்குள் வர ஒரு வாசல் இருந்தால் வெளியே போகவும் ஒரு வாசல் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகப் பையன்கள் இருவர் போகிறபோக்கில் சாதித்துவிட்டார்கள். அடுத்து வந்த பெரிய கம்பெனிகள் இந்தச் சதுப்பைத்தான் மறந்தன.

அவர்களில் முதல் ஆசாமி சாதாரண ஆள் இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த லூகாஸ்ஃபிலிம்.

1985இல் அதன் விளையாட்டுப் பிரிவில் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் சேர்ந்து ‘ஹேபிடட்’ என்ற ஊரைக் கட்ட ஆரம்பித்தார்கள். இதில் படம் உண்டு. கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், நினைவகம் 64 கிலோபைட், வினாடிக்கு 300 பிட் ஊர்ந்துவரும் தொலைபேசி மோடம். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அதற்குள் தெரு, வீடு, கடை, காடு, செய்தித்தாள் எல்லாம் வைத்தார்கள். ஆளாளுக்கு ஓர் அவதாரம். தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளலாம். எல்லோருக்கும் இரண்டு கால் இருந்தது. இதில் என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள். 2022இல் மெட்டா நிறுவனம் தன் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவில் 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. அந்த வருடம் அதன் மெய்நிகர் உலகத்தில் எல்லோரும் இடுப்போடு முடிந்துபோய் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். அக்டோபரில் மார்க் சக்கர்பெர்க் கால் வந்துவிட்டது என்று குதித்துக் காட்டினார். குதித்த கால் நேரடியாக வந்ததல்ல, முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன் என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது.

ஹேபிடட்டுக்குத் திரும்புவோம். ஊரில் தானியங்கி விற்பனை இயந்திரங்கள் இருந்தன. பழைய பொருளை வாங்கிக்கொள்ளும் அடகு இயந்திரங்களும் இருந்தன. எந்த இடத்தில் என்ன விலை என்று வாய்க்கு வந்தபடி நிரப்பியிருந்தார்கள். ஒரு மூலையில் ஒரு பொம்மையின் விலை 75 டோக்கன். ஊரின் இன்னொரு மூலையில் அதே பொம்மையை 100 டோக்கனுக்கு எடுத்துக்கொள்வார்கள். வேறோர் இடத்தில் ஸ்படிக உருண்டை 18,000. அதையே அடகு இயந்திரம் 30,000 கொடுத்து வாங்கும்.

மேற்கொண்டு நான் சொல்லத் தேவையில்லை. சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்பவர் யாரும் இந்த இரண்டு வரியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அமெரிக்காவிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். ஒரு ராத்திரி, கையிலிருந்த காசுக்கெல்லாம் பொம்மை வாங்கினார்கள், ஊருக்குக் குறுக்கே நடந்தார்கள், விற்றார்கள், திரும்பி நடந்தார்கள். மணிக்கணக்கில் நடை. இத்தனைக்கும் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் நிஜக் காசு போய்க்கொண்டிருக்கிறது. ஸ்படிக உருண்டை வாங்கும் அளவுக்குச் சேர்ந்ததும் பொம்மை வியாபாரத்தை மூடிவிட்டு உருண்டைக்கு மாறினார்கள். பொழுது விடிந்து படைத்தவர்கள் தினசரி அறிக்கையைப் பார்த்தால், ஊரின் மொத்தப் பணப் புழக்கம் ஒரே இரவில் ஐந்து மடங்கு.

ரிசர்வ் வங்கிக் கவர்னராக இருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பார். இவர்கள் அந்தப் பணக்காரர்களைப் போய் விசாரித்தார்கள். நியாயமாகச் சம்பாதித்தது, எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டோம் என்று பதில் வந்தது. பணத்தைப் பறித்தார்களா? இல்லை. அந்தத் திடீர் கோடீஸ்வரர்கள் பிறகு அந்தப் பணத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் புதையல் வேட்டைப் போட்டிகள் நடத்தினார்கள். படைத்தவர்கள் நடத்தியதைவிட நன்றாக நடந்தது.

ஏனென்றால் படைத்தவர்கள் நடத்திய லட்சணம் இது: நூறு இடங்கள் கொண்ட ஒரு தீவு, அதில் ஒரு பெரிய புதிர். கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. மக்கள் நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. முக்கியமான துப்பை ஒருவர் முதல் 15 நிமிடத்தில் பிடித்துவிட்டார். சுமார் எட்டு மணிநேரத்தில் எல்லாம் முடிந்தது. ஊரில் பாதிப் பேர் அப்போது ஆபீஸில் இருந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்கு, திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கிற சத்தம்தான் மிச்சம்.

இன்னொரு முறை, நிர்வாகத்தில் ஒருவர் எமன் வேடம் கட்டிக்கொண்டு பாதாளத்தில் காவல் நின்றார். ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் விசேஷத் துப்பாக்கி கையில். எமனுக்கும் உயிர் உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார். யாரோ எமனைச் சுட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிடுங்கிவிடலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் 10,000 டோக்கன் பணயத் தொகை பேசி, ஊர் நடுவில், ஜனங்கள் வேடிக்கை பார்க்க, பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியை மீட்டார்கள். எமலோகம் மார்க்கண்டேயனிடம் பேரம் பேசிய முதல் சம்பவம் இதுவாகத்தான் இருக்கும்.

அடிதடி முற்றியபோது, கொலை குற்றமா இல்லையா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நிஜத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பாதிரியாராக இருந்த ஒருவர் உள்ளே ஒரு மடம் நிறுவினார். பெயர் ‘புனித வால்நட் சபை’. சேருகிறவர்கள் ஆயுதம் எடுக்கக் கூடாது, திருடக் கூடாது. பிறகு ஒரு ஷெரீஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். பாருங்கள், சில நூறு பேர், 64 கிலோபைட். அதற்குள் திடீர்ப் பணக்காரர், மதம், தேர்தல், போலீஸ் எல்லாம் வந்தாயிற்று. ஒன்றையும் யாரும் வடிவமைக்கவில்லை. வடிவமைத்த தீவோ எட்டு மணிநேரம்.

மார்னிங்ஸ்டாரும் ஃபார்மரும் புத்திசாலிகள். பட்டதை எழுதி வைத்தார்கள். நுணுக்கமான மத்தியத் திட்டமிடல் நடக்காது, முயற்சியே செய்யாதீர்கள் என்பது அதன் சாரம். மாஸ்கோவுக்கு இதே ஞானம் வர எழுபது வருடம் ஆனது. 1990இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஒரு மாநாட்டில் இந்தக் கட்டுரையை வாசித்தார்கள்.

அதே ஆஸ்டினில், ஏழு வருடம் கழித்து, அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் மறுபடியும் சொந்தச் செலவில் கண்டுபிடித்தது ஆரிஜின் என்ற கம்பெனி.

அதை நிறுவியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் காரியட். அப்பா விண்வெளி வீரர். பிள்ளை, நிலாவில் நின்றுபோய்க் கிடந்த ஒரு சோவியத் வண்டியை 1993இல் ஏலத்தில் விலைக்கு வாங்கியவர். 2008இல் நிஜமாகவே காசு கட்டி விண்வெளிக்குப் போய்வந்தார். இப்படிப்பட்டவர் தன் ‘அல்டிமா’ விளையாட்டுகளுக்குள் தன்னையே ராஜாவாக வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்று திருநாமம். அந்த ராஜாவை எப்படியாவது கொன்று பார்ப்பது விளையாடுகிறவர்களின் பழைய பொழுதுபோக்கு. ஏழாம் பாகத்தில் கோட்டை வாசலுக்கு மேலிருக்கும் பலகை தலையில் விழுந்து சாக ஏற்பாடே இருந்தது. இந்த லட்சணத்தில், 1997இல் ஆயிரக்கணக்கான பேரை ஒரே நேரத்தில் ‘அல்டிமா ஆன்லைன்’ உள்ளே விடப்போகிறார்.

கம்பெனியின் முதலாளிகளுக்கு நம்பிக்கை இல்லை. சோதனைப் பதிப்பின் சிடி வேண்டுமென்றால் அஞ்சு டாலர் அனுப்புங்கள் என்றார்கள். 50,000 பேர் அனுப்பினார்கள்.

ஆகஸ்டில், சோதனைக் காலம் முடியும் தறுவாயில், லார்ட் பிரிட்டிஷ் குடிமக்களுக்குத் தரிசனம் தர எழுந்தருளினார். பாதுகாப்பு பலம்: ராஜாவின் பாத்திரத்துக்குச் சாவே கிடையாது என்று ஒரு பொத்தான். சர்வர் ஒருமுறை நின்று மறுபடி கிளம்பியதில் அந்தப் பொத்தானை மறுபடி போட வேண்டியிருந்தது. போட மறந்துவிட்டார். கூட்டத்தில் ‘ரெய்ன்ஸ்’ என்ற பெயரில் ஒரு திருடன். யாரிடமோ பிக்பாக்கெட் அடித்ததில் ஒரு நெருப்பு மந்திரச் சுருள் கிடைத்திருந்தது. ராஜாவின் காலடியில் போட்டுப் பார்ப்போமே என்று போட்டான். ராஜா நெருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். தனக்கு ஒன்றும் ஆகாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செத்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பதறிப்போன நிர்வாகம் பூதங்களை ஏவிவிட்டது. பூதங்கள் கொலைகாரனைத் தேடவில்லை, கூடியிருந்த அப்பாவிக் கூட்டத்தைக் கொன்று குவித்தன. எந்த நாட்டு அரசும் வெட்கத்தோடு தலையாட்டி அங்கீகரிக்கும் நடவடிக்கை. ரெய்ன்ஸ் பிறகு தடை செய்யப்பட்டான். ராஜாவைக் கொன்றதற்காக அல்ல, அதற்கு முன்பு புரோகிராம் பிழைகளைப் பயன்படுத்திக்கொண்டதற்காக என்று விளக்கம் தரப்பட்டது.

இந்த உலகத்தில் காடும் உண்டு. வெறும் காடு அல்ல, அறிவியல் காடு. புல்லை மான் தின்னும், மானை ஓநாய் தின்னும், மான் குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும், இரையில்லாவிட்டால் டிராகன் கிராமத்தைத் தாக்கும் என்று ஓர் உணவுச் சங்கிலியே கட்டியிருந்தார்கள். ராஃப் கோஸ்டர் தலைமையில் மண்டை காய உழைத்த வடிவமைப்பு. திறப்பு விழா முடிந்ததும் மக்கள் உள்ளே புகுந்து, மான், ஓநாய், முயல், கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினார்கள். மிருகங்கள் பிறக்கும் வேகத்தைவிட வெட்டும் வேகம் அதிகம். சங்கிலி ஒரு வளையம்கூட நகரவில்லை. இத்தனை அழகான ஏற்பாடு உள்ளே இருந்தது என்பதே ஒருவருக்கும் தெரியாமல், அதைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். சூழலியல் வகுப்பு நடத்துகிறவர்கள் இந்தக் கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேறெந்த உதாரணமும் இவ்வளவு சீக்கிரம் முடியாது.

பொருளாதாரமும் இதே பாடு. உலகத்தில் இரும்பு, தோல், துணி எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவு. ஒன்று தேய்ந்து அழிந்தால்தான் அந்த அளவுக்குப் புதிது முளைக்கும். ஏட்டில் அற்புதம். ஆனால் மனிதன் எதையும் தூக்கிப்போட மாட்டான் என்பது ஏட்டில் இல்லை. நம் வீட்டுப் பரணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லோரும் எல்லாவற்றையும் வீட்டுக்குள் அடுக்கிவைத்தார்கள். கச்சாப் பொருளெல்லாம் பெட்டிக்குள் அடங்கிவிட, சுரங்கம் வறண்டது. தேவைக்கு மேல் சட்டை தைத்துக் கடைக்காரன் தலையில் கட்டினார்கள். தைக்கத் தைக்கத் தையல் திறமை ஏறும், அதனால். சட்டை யாருக்கும் தேவையில்லை, திறமைதான் தேவை. நம் பொறியியல் பட்டங்களை நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

ஊர் எல்லையைத் தாண்டினால் வழிப்பறிக்காரர்கள் காத்திருந்தார்கள். புதிதாக வந்த அப்பாவி முயல் வேட்டைக்கு என்று கிளம்பி, நாலடி வைப்பதற்குள் கட்டிய துணியோடு திரும்புவான். சில நாள் அதுவும் இல்லாமல். கொள்ளைக்காரனுக்குக் கெட்ட பெயர், சிவப்பு எழுத்து, தலைக்கு விலை என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தார்கள். தலைக்கு வைத்த விலையைப் பார்த்து அவன் பெருமைப்பட்டான். இதற்கிடையில் சர்வர் வேறு திக்கித் திணற, மக்கள் லார்ட் பிரிட்டிஷின் அரண்மனைக்குள் திரண்டு, நிர்வாணமாகி, குடித்து, தரையெல்லாம் வாந்தியெடுத்துப் போராட்டம் நடத்தினார்கள். கடவுளைத் திட்டியவர்கள் சரித்திரத்தில் உண்டு. சந்நிதிக்குள்ளேயே நுழைந்து இப்படிச் செய்துவிட்டு, மாதச் சந்தாவையும் தவறாமல் கட்டியவர்கள் இவர்கள்தான்.

2000இல் கம்பெனி கையைத் தூக்கிவிட்டது. உலகத்தை அப்படியே இன்னொரு பிரதி எடுத்தார்கள். ஒன்றில் யாரும் யாரையும் கொல்லலாம். இன்னொன்றில் சம்மதமில்லாமல் தொட முடியாது. பெரும்பாலானோர் மூட்டை கட்டிக்கொண்டு சாதுவான உலகத்துக்குப் போனார்கள். கொலைகாரர்களுக்கு மற்ற கொலைகாரர்கள் மட்டும் துணையாக மிஞ்சினார்கள். அவர்கள் பட்ட வேதனையைச் சொல்லி மாளாது.

இந்த முடிவை எதிர்பார்த்தவர் ஒருவர் உண்டென்றால் அது பார்ட்டில். 1996லேயே அவர் எழுதிவிட்டார். தம் விசார்ட்களிடையே நடந்த நீண்ட விவாதத்தைத் தொகுத்து, இந்த உலகங்களுக்கு வருகிறவர்கள் நாலு ஜாதி என்று சீட்டுக்கட்டுச் சின்னங்களோடு சொன்னார். டைமன் புள்ளி சேர்ப்பவர். ஸ்பேட் மூலை முடுக்கைத் தோண்டிப் பார்ப்பவர். ஆர்ட்டின் ஊர்வம்பு பேச வந்தவர். கிளாவர் அடுத்தவரை அழவைத்துப் பார்ப்பவர். இவர்கள் ஒருவரையொருவர் தின்றுதான் வாழ்கிறார்கள் என்பதும் அதில் உண்டு. கிளாவர் பெருத்தால் ஆர்ட்டின் ஊரைக் காலி செய்யும். மான், ஓநாய்க் கணக்கேதான். ஆரிஜின்காரர்கள் உணவுச் சங்கிலியைக் காட்டில் தேடினார்கள்; அது வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ உலகத்தின் நாணயத்தை ஜனங்கள் டாலருக்கு விற்க, எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதார ஆசிரியர் 2001இல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்த இல்லாத நாட்டின் தலைவீத உற்பத்தி 2,266 டாலர், ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வருகிறது என்றார். பல்கேரியா மறுப்பு எதுவும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. ‘செகண்ட் லைஃப்’ உலகத்தில் ஜின்கோ என்ற ஒரு வங்கி ஆண்டு வட்டி 40 சதவீதத்துக்கு மேல் என்றது. கார்ட்டூன் உடம்போடு போய் நிஜப் பணத்தைப் போட்டார்கள். 2007இல் இழுத்து மூடப்பட்டது. நிதி நிறுவனத்தில் பணம் போட்ட மயிலாப்பூர் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ உலகத்தில் 2005 செப்டம்பரில் ஒரு கொள்ளைநோய். ஹக்கார் என்ற அரக்கன் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் தொற்றும் ஒரு ரத்த நோயை ஏவுவான். அவன் இருக்கும் இடத்துக்குள்ளேயே முடிய வேண்டிய சமாச்சாரம். வளர்ப்புப் பிராணிகளுக்கும் தொற்றும் என்பதையும், பிராணியை மடித்து உள்ளே வைத்து ஊரில் போய் வெளியே விடலாம் என்பதையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. தலைநகரங்களில் எலும்புக்கூடு குவிந்தது. சிலர் ஓடி ஓடி வைத்தியம் பார்த்தார்கள். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள். சிலர் நோயை வாங்கி வேண்டுமென்றே கூட்டத்தில் போய் நின்றார்கள். நிர்வாகம் தனிமைப்படுத்திப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை. கடைசியில் சர்வரை அணைத்துப் போட்டார்கள். 2007இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் ஆய்வாளர்கள் இருவர் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். 2020இல் நாமும் எல்லாவற்றையும் பார்த்தோம், அந்தக் கடைசி வசதி ஒன்றைத் தவிர.

இத்தனை பேர் பட்ட பாட்டிலிருந்து பாடம் கற்றவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். ரெய்க்யாவிக்கில் சிசிபி என்ற கம்பெனி 2003இல் ‘ஈவ் ஆன்லைன்’ என்று ஒரு விண்வெளியைத் திறந்தது. உள்ளே ஏமாற்று, துரோகம், உளவு எல்லாம் சட்டப்படி சரி. நிர்வாகம் மூக்கை நுழைப்பதில்லை. 2007இல் எயோல்ஃபர் குட்மண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரைச் சம்பளத்துக்கு வைத்து விலைவாசி அறிக்கை வெளியிட்டார்கள். அவர் பின்னாளில் ஒரு நிஜப் பல்கலைக்கழகத்துக்கு ரெக்டரானார்.

2014 ஜனவரியில் அங்கே ஒரு நட்சத்திர மண்டலத்தின் பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாமல் போயிற்று. தானாகக் கழித்துக்கொள்ளும்படிதான் வைத்திருந்தோம் என்று மண்டலத்தின் சொந்தக்காரர்கள் சாதித்தார்கள். எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை என்றது கம்பெனி. மின்வாரிய கவுன்ட்டரில் அன்றாடம் நடக்கும் சம்பாஷணைதான். ஆனால் பில் கட்டாத மண்டலம் யாருக்கும் சொந்தமில்லை என்பது விதி. எதிரிகள் அந்தக் கணமே உள்ளே பாய்ந்தார்கள். 21 மணிநேரம் யுத்தம், 7,500க்கும் மேற்பட்டோர், ‘டைட்டன்’ என்கிற ராட்சசக் கப்பல்கள் மட்டும் 75 நாசம். அழிந்ததன் மதிப்பு நிஜப் பணத்தில் சுமார் மூன்று லட்சம் டாலர்.

படைத்தவர்கள் தடுக்கவில்லை, பூதங்களை ஏவவில்லை, பிரதி எடுக்கவில்லை. சர்வர் மூச்சுத் திணறாமல் இருக்க அந்த இடத்தில் காலத்தின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் ஓய்ந்ததும் கப்பல் சிதைவுகளை நினைவுச்சின்னமாக அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். மண்டலத்தைப் பிடித்தவர்கள் வெற்றி முழக்கம் போட்டார்கள். அடுத்த பில் அவர்கள் பெயருக்கு வந்தது.